வாசகர் கேள்வி: கழுத்துக் கட்டியும் கலப்பு பிளாஸ்டிக்கும்

இந்த முறை வந்த கடிதங்கள் இரண்டு கட்டாகப் பிரிந்துவிட்டன. ஒரு பக்கம் தலை, கழுத்துப் பகுதியில் வரும் அரிதான கட்டிகள், இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் கலவைகள். தனித்தனி இதழில் போடலாம் என்றுதான் எடுத்து வைத்தேன், ஆனால் ரேடியேஷன் மாஸ்க்கைப் பற்றி வந்த ஒரு கேள்வி இரண்டுக்கும் நடுவில் சரியாகப் பொருந்தியதால் எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவிட்டேன். ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் சிகிச்சை சொல்ல முடியாது. டாக்டரிடம் போகும்போது என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

கேள்வி: அப்பாவுக்குக் காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் ஒரு கட்டி. வலி கிடையாது, சில வருடங்களாக மெதுவாகத்தான் பெரிதாகிறது. "கொழுப்புக் கட்டி மாதிரிதான், மேலாகக் கீறி எடுத்துவிடலாம்" என்கிறார் ஒருவர். எடுத்துவிடலாமா?

மேலாகக் கீறி எடுக்க வேண்டாம். அந்த இடத்தில் இருப்பது பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி. அதில் வரும் கட்டிகளில் ஐந்தில் நான்கு சாதாரணக் கட்டிகள்தான், புற்றுநோய் இல்லை, அதனால் முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே மிக அதிகமாக வருவது பிளியோமார்ஃபிக் அடினோமா. அது சாதுவான கட்டிதான், ஆனால் அதைச் சுற்றியிருக்கும் உறை சில இடங்களில் மெலிந்தும் சில இடங்களில் விரல் நீட்டியது போலவும் இருக்கும், உறையைக் கிழித்து உள்ளே இருப்பதை மட்டும் சுரண்டி எடுத்தால் செல்கள் சிந்தி, பல வருடம் கழித்து ஒன்றுக்குப் பத்தாகச் சிறு சிறு முடிச்சுகளாகத் திரும்ப வரும். அப்போது செய்யும் இரண்டாவது அறுவை சிகிச்சை முதலாவதைவிடப் பல மடங்கு கடினம், ஏனென்றால் முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் ஐந்து முக்கியக் கிளைகளாகப் பிரிகிறது, தழும்புக்கு நடுவே அதைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை.

ஆகவே அல்ட்ராசவுண்ட், மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, கட்டி ஆழமாக இருந்தால் எம்.ஆர்.ஐ. இதெல்லாம் முடிந்தபின் அந்த நரம்பைக் கண்டுபிடித்து விலக்கி வைத்துவிட்டு, கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவோடு சேர்த்து எடுப்பார்கள். "சாதாரணக் கட்டிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று இருபது வருடம் விடுவதும் சரியில்லை, வருடம் ஏற ஏற அதற்குள்ளேயே புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். திடீரென்று வேகமாக வளர்வது, வலி, ஒரு பக்க வாய் கோணுவது, மேல்தோல் ஒட்டிக்கொள்வது, கழுத்தில் நெறி கட்டுவது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் நாள் பார்க்காமல் ஓடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உமிழ்நீர்ச் சுரப்பி எவ்வளவு சிறியதோ, அதில் வரும் கட்டி கெட்டதாக இருக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பரோடிட்டில் ஐந்தில் ஒன்று என்றால், தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் ஏறக்குறைய பாதி, அண்ணத்திலும் உதட்டுக்குள்ளும் இருக்கும் மிகச் சிறிய சுரப்பிகளில் பாதிக்கும் மேல். காதடியில் இருக்கும் பெரிய கட்டிக்குப் பதறுகிறவர்கள் அண்ணத்தில் வலியில்லாமல் இருக்கும் மொச்சை அளவு வீக்கத்தை "பல் செட் உரசுகிறது" என்று விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: அக்காவுக்கு அண்ணத்தில் வந்த கட்டிக்கு "அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு இடத்தில் மெதுவாக வளரும் புற்றுநோய், பயமில்லை என்று படித்தேன். இன்னொரு இடத்தில் திரும்பத் திரும்ப வரும், விடாது என்று இருக்கிறது. எதை நம்புவது? கீமோவும் வேண்டாம் என்கிறார்களே, கைவிட்டுவிட்டார்களா?

கைவிடவில்லை. நீங்கள் படித்த இரண்டும் உண்மை.

தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது ஸ்குவாமஸ் என்ற ஒரே வகை, பெரும்பாலும் புகையிலை, மது, ஹெச்.பி.வி. வைரஸ் என்று காரணம் சொல்லிவிடலாம். உங்கள் அக்காவுக்கு வந்திருப்பது மீதியுள்ள சின்னப் பங்கில் ஒன்று, அதற்கும் புகையிலைக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, ஆகவே "என்ன தப்பு செய்தேன்" என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலான நோயாளிகளின் கட்டியில் 6ஆம் குரோமோசோமும் 9ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டு, மிப் என்ற ஒரு ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்வதைக் காண்கிறார்கள். 2009இல் வெளியான கண்டுபிடிப்பு அது. அந்த ஜீனை நேராக அடக்கும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

இந்தக் கட்டியின் கெட்ட குணம் நரம்பைப் பிடித்துக்கொண்டு நகர்வது. அண்ணத்து நரம்பின் உறையோடு ஊர்ந்து மண்டையோட்டின் அடிப்பாகம்வரை போகக்கூடியது, வெளியே பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் வீக்கம், உள்ளே அதன் நூல் எங்கேயோ போயிருக்கும். அதனால்தான் வாயைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல் மண்டையோட்டு அடிவரை மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அண்ணத்திலோ கன்னத்திலோ மரத்துப்போன உணர்வு இருந்தால் அதை டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். முதல் சிகிச்சை அறுவைதான். நரம்பு வழியாகப் போகிற கட்டி என்பதால் விளிம்பு சுத்தமாகக் கிடைப்பது கஷ்டம், எனவே பெரும்பாலும் அதன் பிறகு ரேடியேஷன், சுமார் 60 முதல் 66 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு), வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரத்தை ஒட்டி. மூளைத்தண்டுக்கும் கண் நரம்புக்கும் பக்கத்தில் போய்விட்ட கட்டிகளுக்கு புரோட்டானோ கார்பன் அயனியோ நல்ல தேர்வு, ஏனென்றால் அந்தத் துகள்கள் குறிப்பிட்ட ஆழத்தில் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும், எக்ஸ் கதிர் மாதிரி மறுபக்கம்வரை போகாது. ஆனால் எல்லாருக்கும் அது தேவைப்படாது, அது கிடைக்கவில்லை என்பதற்காக நல்ல சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது கீமோ. வழக்கமான கீமோ மருந்துகள் வேகமாகப் பிளக்கும் செல்களைத்தான் தாக்கும். இது சோம்பேறிக் கட்டி, பிளப்பதே மெதுவாகத்தான், எனவே மருந்து நல்ல செல்லைப் படுத்திவிட்டு இதை விட்டுவிடும். நோய் பரவி வேகம் எடுத்தால் லென்வாட்டினிப் போன்ற மாத்திரைகளைத் தருவது உண்டு, அவை சிலருக்கே கட்டியைச் சுருக்கும், இன்னும் பலருக்கு வளர்ச்சியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கும், பதிலுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும். இன்றைக்குத் தேவையில்லாத ஒருவருக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நல்ல வைத்தியம்தான்.

ரிப்போர்ட்டில் இன்னொரு வார்த்தையைத் தேடுங்கள்: டியூபுலர், கிரிப்ரிஃபார்ம், சாலிட். இவை நுண்ணோக்கியில் செல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதங்கள். சாலிட் பங்கு அதிகமாக, முக்கியமாக 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது மெதுவான கட்டி என்ற ஆறுதல் பொருந்தாது, கண்காணிப்பை இறுக்க வேண்டும். அந்தப் பங்கு எழுதப்படாமல் ரிப்போர்ட் வந்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் நுரையீரல். இந்த நோய் நிணநீர் முடிச்சுகளைவிட நுரையீரலுக்குத்தான் அதிகம் போகும், அதுவும் ஐந்து, பத்து வருடம் கழித்துக்கூட. ஸ்கேனில் சின்னப் புள்ளிகள் தெரிந்தாலும் பலர் வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள், டாக்டர் "பார்த்துக்கொண்டே இருக்கலாம்" என்றால் அது ஒதுக்கிவிடுவதும் இல்லை. மற்ற புற்றுநோய்களில் ஐந்து வருடம் தாண்டினால் பெருமூச்சு விடுவோம். இதில் அந்தக் கணக்கு செல்லாது, பதினைந்து வருடம் ஆனாலும் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: ஸ்லைடை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டினால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். அரிதான கட்டி என்றால் அவரே அனுப்பி வைப்பார். உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, பலவும் நுண்ணோக்கியில் ஒன்றைப்போல் ஒன்று தெரியும், வருடத்துக்கு ஒன்றிரண்டு பார்க்கிறவருக்கும் வாரத்துக்கு ஒன்று பார்க்கிறவருக்கும் கண் ஒன்றாக இருக்காது.

பெயர் மாறினால் மருந்தே மாறும். செக்ரீட்டரி கார்சினோமா என்ற வகையை 2010இல்தான் உமிழ்நீர்ச் சுரப்பியில் தனியாக அடையாளம் கண்டார்கள், அதுவரை பெரும்பாலும் வேறொரு கட்டியின் பெயரில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அதில் இருக்கும் என்.டி.ஆர்.கே. ஜீன் இணைவுக்கென்றே லாரோட்ரெக்டினிப் என்ற மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுரப்பிக் குழாயிலிருந்து வரும் சலைவரி டக்ட் கார்சினோமாவில் ஆண் ஹார்மோன் ஏற்பி இருப்பது வழக்கம், அதனால் புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஹார்மோன் தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள், நோயாளி பெண்ணாக இருந்தாலும் சரி. சிலருக்கு மார்பகப் புற்றுநோயில் பார்ப்பது மாதிரி ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கும், அதற்கும் மருந்து உண்டு. மூக்கின் மேல்கூரையில் வருகிற கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: வாசனை நரம்பிலிருந்து வரும் எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா என்றால் முதலில் அறுவை, பிறகு ரேடியேஷன். அதே இடத்தில், அதே மூக்கடைப்பும் ரத்தக்கசிவுமாக வரும் வேறொரு வகைக்குக் கீமோவை முதலில் கொடுத்து, கட்டி அதற்குச் சுருங்குகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த அடி.

போகும்போது ஸ்லைடு மட்டும் போதாது, மெழுகில் பதித்த திசு ப்ளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கூடுதல் சாயச் சோதனையும் ஜீன் சோதனையும் அதிலிருந்து வெட்டித்தான் செய்ய முடியும். திரும்பப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கவும் மறக்காதீர்கள்.

கேள்வி: என் கழுத்தில், தாடைக்குக் கீழே, தொட்டால் துடிக்கிற ஒரு கட்டி. பக்கவாட்டில் அசைகிறது, மேலும் கீழும் அசையவில்லை. டாக்டர் பயாப்ஸி எடுக்க மாட்டேன் என்கிறார். பயாப்ஸி இல்லாமல் எப்படி நம்புவது?

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அவர் சந்தேகப்படுவது கரோட்டிட் பாடி கட்டியாக இருக்கும், பாராகாங்லியோமா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மூளைக்குப் போகிற கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில் உட்கார்ந்திருக்கும், முழுக்க முழுக்க ரத்தக்குழாய்கள் நிறைந்தது, அதில் துண்டு வெட்டினால் ரத்தம் நிற்காது. ஸ்கேனிலேயே அதன் முகம் தெரிந்துவிடும், இரண்டு தமனிக் கிளைகளையும் விலக்கி வைத்திருக்கும். எனவே பயாப்ஸி வேண்டாம் என்றவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பெரும்பாலும் பரவாத கட்டி, வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். வயதானவராக இருந்து தொந்தரவும் இல்லையென்றால் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். இளவயது என்றால், தமனியை முழுதாகச் சுற்றிக்கொள்வதற்கு முன் எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் ரேடியேஷனால் வளர்ச்சியை நிறுத்தலாம். இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அறுவைக்கு முன் அட்ரினலின் போன்ற ஹார்மோன் சுரக்கிறதா என்று மெட்டாநெஃப்ரின் சோதனை. கழுத்தில் வருபவற்றில் சிலதான் சுரக்கும், ஆனால் தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். இரண்டு, ஜீன் சோதனை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரம்பரையாக வருகிறது, எஸ்.டி.ஹெச்.டி. என்ற ஜீன் என்றால் ஒரு விசித்திரம்: பழுதான ஜீன் அப்பாவிடமிருந்து வந்தால்தான் பொதுவாக நோய் வரும், அம்மாவிடமிருந்து வந்தால் சும்மா கடத்திக்கொண்டு போவதோடு சரி. தலைமுறை தாண்டி வருவது போலத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

கேள்வி: சர்க்கரையை அடியோடு நிறுத்திப் பட்டினி போட்டால் புற்றுக்கட்டி பட்டினியில் சாகுமா?

சாகாது. நோயாளிதான் மெலிவார். வாய், தொண்டையில் ரேடியேஷன் நடக்கும்போது எடை குறைவதைப் போல ஒரு தலைவலி கிடையாது, அது ஏன் என்பதற்கு ஒரு காரணம் அடுத்த பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: ரேடியேஷனுக்கு முன் என் முகத்துக்கு வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்தார்கள். சுடுநீரில் முக்கி எடுத்து அப்படியே முகத்தில் வைத்து இழுத்தார்கள், வெந்துவிடும் என்று பயந்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அது என்ன பிளாஸ்டிக்?

பெரும்பாலும் பாலிகாப்ரோலாக்டோன். இதன் சிறப்பே 60 டிகிரியை ஒட்டி உருகிவிடுவதுதான். பாலித்தீன் 110லிருந்து 135 டிகிரிக்குள், பாலிபுரோப்பிலீன் 160ஐத் தாண்டி, அதையெல்லாம் உருக்கி யார் முகத்திலும் வைக்க முடியாது. இதை 65, 70 டிகிரி தண்ணீரில் சில நிமிடம் போட்டால் துவண்டுவிடும், மெல்லிய தகடு, அதிலும் ஓட்டைகள், எனவே வெளியே எடுத்ததும் மேற்பரப்பு சட்டென்று ஆறிவிடும். உள்ளுக்குள் படிகமாக இறுகச் சில நிமிடங்கள் ஆகும், அந்த இடைவெளியில்தான் மூக்கு, நெற்றி, தாடை எல்லாவற்றிலும் அழுத்தி உருவம் பிடிக்கிறார்கள்.

உருகிய பிளாஸ்டிக் ஏன் வழிந்து ஓடவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளம், பல தயாரிப்புகளில் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பும் போட்டுவிடுகிறார்கள். அதனால் இழுபடும், ஆனால் ஓடாது, மறுபடி சுடுநீரில் போட்டால் பழைய தட்டை வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஆறிய பிறகும் கொஞ்சம் சுருங்கும், முதல் நாளைவிட அடுத்த முறை இறுக்கமாகத் தோன்றினால் உங்கள் கற்பனை இல்லை.

சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கதிர் போய் விழும் இடம் மாறும், அதைத் தடுக்கத்தான் இவ்வளவு இறுக்கம். ஆறு, ஏழு வார சிகிச்சையில் எடை குறைந்து கன்னம் ஒட்டினால் மாஸ்க்குக்குள் முகம் அசையும், புதிதாக மாஸ்க் செய்து திரும்ப ஸ்கேன் எடுத்துத் திட்டத்தையே மாற்ற வேண்டிவரும். தொண்டைப் புண்ணால் விழுங்க முடியாதவர்களுக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுக்க டாக்டர்கள் அவசரப்படுவது இதற்காகவும்தான். முதல் நாள் எப்படி தாடி, தலைமுடி இருந்ததோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுகிறவராக இருந்தால் மாஸ்க் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், கண் பகுதியை வெட்டிவிடலாம், முகம் திறந்த வகையும் உண்டு. வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கையைத் தூக்கினால் நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். இன்னொன்று, ரேடியேஷன் தொடங்கும் முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

கேள்வி: மேல்தாடையில் ஒரு பகுதியை எடுத்தபின் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே அடைக்க ஒரு தட்டு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறை விரிசல் விட்டது, வாடையும் வருகிறது. தரம் குறைந்த பிளாஸ்டிக்கா?

அப்படிச் சொல்ல முடியாது. அதன் பெயர் ஆப்டுரேட்டர், பல் செட் செய்யும் அதே அக்ரிலிக்தான். பி.எம்.எம்.ஏ. தூளையும் அதன் மோனோமர் (சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறு) திரவத்தையும் குழைத்து அச்சில் அடைத்துச் சூடாக்குவார்கள். அந்தத் திரவம் 100 டிகிரியைத் தாண்டியதுமே கொதிக்கும், வேதிவினையே தனியாகச் சூட்டைக் கிளப்பும், எனவே பொறுமையாக 74 டிகிரி அளவில் நெடுநேரம் வைத்துவிட்டுப் பிறகுதான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் கொதித்த குமிழிகள் உள்ளே நுண்துளைகளாக நின்றுவிடும். அங்கேதான் காளானும் வாடையும் குடியேறும், விரிசலும் அங்கிருந்தே தொடங்கும். முதலில் துளைகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

விரிசல் தொடர்ந்தால் ஹை இம்பாக்ட் அக்ரிலிக் கேளுங்கள், அதில் மிகச் சிறிய ரப்பர் துகள்கள் கலந்திருக்கும், விரிசல் ஓடிவரும் வழியில் அவை ஆற்றலை வாங்கிக்கொள்ளும். குமிழ்ப் பகுதி கனமாக இருந்தால் உள்ளே கூடாகச் செய்து எடையைக் குறைக்கலாம். வீட்டில் செய்யக்கூடாதது இரண்டு: கொதிநீரில் போட்டுக் கழுவுவது, வடிவம் நெளிந்துவிடும், ஆல்கஹால் உள்ள மவுத்வாஷில் ஊறவைப்பது, மயிரிழை விரிசல்கள் அதனாலேயே வரும். இரவில் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

கேள்வி: மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பி.பி. (பாலிபுரோப்பிலீன்) கழிவையும் பாலித்தீன் கழிவையும் அரைத்துச் சேர்த்து ஓட்டினால் பாகம் வெளியே நன்றாக இருக்கிறது, வளைத்தால் லேயர் லேயராக உரிகிறது. பேரல் சூட்டை ஏற்றினால் சரியாகுமா?

ஆகாது. சூட்டை ஏற்றினால் பி.பி. சிதையும், அவ்வளவுதான். இரண்டும் ஹைட்ரோகார்பன்தானே, ஏன் சேரவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள்.

சின்ன மூலக்கூறுகள் கலப்பதற்கு முக்கிய உந்துதல் ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி. ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலிக்கு அந்த உந்துதல் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு கண்ணியும் தன் இஷ்டத்துக்கு இடம் மாற முடியாது, பக்கத்துக் கண்ணிகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. மணல்போல உதிர்ந்த மணிகளைக் கலப்பது எளிது, அதே மணிகளை நீள நீளமாகக் கோத்துவிட்டால் கலக்க எத்தனை விதங்கள் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். 1940களின் தொடக்கத்தில் ஃப்ளோரியும் ஹக்கின்ஸும் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள், பால் ஃப்ளோரிக்கு 1974இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இரண்டு வகைச் சங்கிலிகளுக்கு இடையே லேசான ஒவ்வாமை இருந்தாலும் போதும், பிரிந்துவிடும். எனவே பாலிமர்களில் கலக்காமல் இருப்பதுதான் விதி, கலப்பது விலக்கு.

விலக்குக்குப் பெயர் பெற்ற ஜோடி பாலிஃபெனிலீன் ஆக்சைடும் பாலிஸ்டைரீனும். முதலாவதன் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை, அதாவது கண்ணாடிபோல் விறைத்திருக்கும் பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் சூடு, சுமார் 210 டிகிரி, அதைத் தனியாக மோல்ட் செய்வது பெரும்பாடு. இரண்டாவதற்கு 100 டிகிரி. பாதிக்குப் பாதி கலந்தால் 150ஐ ஒட்டி ஒரே ஒரு வெப்பநிலை கிடைக்கிறது, எந்த விகிதத்திலும் பிரியாது. ஜெனரல் எலக்ட்ரிக் 1960களில் நோரில் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது இதைத்தான்.

உங்கள் கலவையில் நடப்பது வேறு. அதிகமாக இருப்பது கடலாகவும் குறைவாக இருப்பது சொட்டுகளாகவும் பிரிகிறது, அச்சுக்குள் பாயும்போது அந்தச் சொட்டுகள் இழுபட்டுத் தகடு தகடாகின்றன, இரண்டுக்கும் இடையே பிடிப்பு இல்லை. சூட்டால் பிடிப்பு வராது. இடையில் நிற்க ஒரு ஆள் வேண்டும், ஒரு முனை இந்தப் பக்கமும் மறுமுனை அந்தப் பக்கமும் பின்னிக்கொள்ளும் சங்கிலி, கம்பாட்டிபிலைசர் என்று கேட்டால் கொடுப்பார்கள். நைலானோடு பி.பி. என்றால் மலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பி.பி. நன்றாக வேலை செய்யும், நைலானின் அமீன் முனையோடு அது வேதியாகவே பிணைந்துவிடுகிறது. பி.பி.-பாலித்தீனுக்கு அந்த வித்தை எடுபடாது, பிணைய முனையே இல்லை. அதற்கு எத்திலீனும் புரோப்பிலீனும் சேர்ந்த கோபாலிமர் எலாஸ்டோமர்களைப் போட்டுப் பாருங்கள். 2017இல் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டும் மாறி மாறி வரும் பல கட்டச் சங்கிலியைச் செய்து, ஒரு சதவீதம் சேர்த்தாலே பொடியும் கலவை உறுதியாகிவிடுகிறது என்று காட்டினார்கள்.

காசு செலவழிக்காமல் சரிசெய்ய வேண்டுமென்றால் தரம் பிரிக்கும் இடத்தில் கவனம் வையுங்கள். பி.இ.டி.யில் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) பி.வி.சி. சிறிதளவு விழுந்தால் நிலைமை இன்னும் மோசம், பி.இ.டி. உருகும் சூட்டில் பி.வி.சி. சிதைந்து அமிலம் விடும், மொத்தப் பொருளும் பழுப்பாகி உடையும், திருகாணியும் அரிக்கும். அங்கே எந்தக் கம்பாட்டிபிலைசரும் காப்பாற்றாது.

கேள்வி: பி.சி.-ஏ.பி.எஸ். என்று விற்கிறார்களே, அதன் குணம் இரண்டின் சராசரியா?

பி.சி. என்றால் பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். என்றால் ரப்பர் துகள் கலந்த ஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக். சில குணங்களில் சராசரி, சிலவற்றில் சராசரியைவிட மேல். அது முழுதாகக் கலந்த கலவை இல்லை, இரண்டு கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலைகள் தனித்தனியாகத் தெரியும், ஒன்று 145ஐ ஒட்டி, இன்னொன்று 110ஐ ஒட்டி. ஆனாலும் உரிவதில்லை, ஏபிஎஸ்ஸில் இருக்கும் ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் பகுதிக்குப் பாலிகார்பனேட்டோடு இயற்கையாகவே நல்ல பிடிப்பு உண்டு. பாலிகார்பனேட் மட்டும் என்றால் தடிமன் கூடும்போதும் குளிரிலும் கீறல் விழுந்த இடத்தில் பட்டென்று உடையும், மெல்லிய அச்சில் ஓடவும் சிரமப்படும். ஏபிஎஸ் சேர்த்தால் ஓட்டம் சுலபம், குளிர் தாங்கும், விலையும் இறங்கும். கொடுக்கும் விலை கண்ணாடித் தெளிவு போவதும் வெப்பத் தாங்குதிறன் குறைவதும்.

எங்கே தவறுகிறது என்றால் பெரும்பாலும் உலர்த்துவதில். சுமார் 100 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் உலர்த்தாமல் ஹாப்பரில் கொட்டினால் பாலிகார்பனேட் சங்கிலிகளை ஈரம் வெட்டிவிடும். வெள்ளிக் கோடு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கோடே இல்லாமல் பலம் மட்டும் போயிருப்பதும் உண்டு, பாகத்தை அரைத்து மெல்ட் ஃப்ளோ (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்ற அளவு) பார்த்தால் எண் ஏறியிருக்கும். திரும்ப அரைத்த கழிவை ஒவ்வொரு சுற்றிலும் சேர்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் வேலை செய்யக் கூடாது என்பேன்.

கேள்வி: கல்லூரி மாணவன். இரண்டு பிளாஸ்டிக் உண்மையில் கலந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடியுமா? தெளிவாக இருந்தால் கலந்தது என்று எங்கள் சார் சொன்னார்.

உங்கள் சார் சொன்னது பாதி சரி. கலங்கலாக இருந்தால் ஒளி சிதறுகிறது, ஏதோ பிரிந்திருக்கிறது அல்லது படிகமாகியிருக்கிறது. தெளிவாக இருப்பதால் மட்டும் கலந்தது என்று ஆகாது: பிரிந்த துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தாலோ, இரண்டின் ஒளிவிலகல் எண் ஒன்றாக இருந்தாலோ அப்போதும் தெளிவாகத்தான் தெரியும். தெளிவான ஏபிஎஸ் அப்படித்தான் செய்யப்படுகிறது, உள்ளே ரப்பர் துகள் இருக்கிறது, விலகல் எண்ணைப் பொருத்திவிட்டார்கள். அதை லேசாகச் சூடாக்கிப் பாருங்கள், ரப்பரின் விலகல் எண் வெப்பத்தோடு வேறு வேகத்தில் மாறுவதால் சில வகைகள் மங்கலாகத் தொடங்கும். டி.எஸ்.சி. கருவி (சூடாக்கும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளப்பது) கிடைத்தால் கண்ணாடி நிலை மாற்றம் ஒன்றா இரண்டா என்று பாருங்கள், ஆனால் இரண்டு பொருளுக்கும் அந்த வெப்பநிலை 20 டிகிரிக்குள் நெருங்கியிருந்தால் அதுவும் ஏமாற்றும். அப்போது உடைத்த முகப்பை மின்னணு நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும், ஒரு பொருளை மட்டும் கரைக்கும் கரைப்பானில் முதலில் முக்கி எடுத்தால் துகள் இருந்த இடமெல்லாம் குழிகளாகத் தெரியும்.